ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கு ஓசிடி சிகிச்சையைப் பயிற்றுவிப்பது எப்படி? வேலூர் வட்டாரத்துக்கான முழுமையான வழிகாட்டி

மாவட்ட மனநலத் திட்டக் குழுவினர், மனநல மருத்துவர்கள், வட்டார மருத்துவ அலுவலர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோயைக் கண்டுபிடிக்கவும், மருந்து கொடுக்கவும், பயத்தோடு பழகும் எளிய பழக்கப் பயிற்சி சொல்லித்தரவும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கும் எம்.பி.பி.எஸ். மருத்துவரால் நிச்சயம் முடியும். பெரும்பாலான பயிற்சிகள் வீணாவது வரிசை தவறுவதால்தான். காலையில் செரோட்டோனின் என்ற மூளை வேதிப்பொருளைப் பற்றிப் பாடம், மதியம் நோய் வகைகள், மாலையில் எல்லோரும் பஸ் நேரம் பார்க்கத் தொடங்கும்போது மருந்தின் டோஸ். இப்படி நடந்தால் திங்கட்கிழமை ஓ.பி.யில் எதுவும் மாறாது.

2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பில், 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் சுமார் 0.8 சதவீதம் பேருக்கு ஓசிடி இருப்பது தெரிந்தது. 30,000 பேரைப் பார்த்துக்கொள்ளும் ஒரு சுகாதார நிலையத்தின் எல்லையில், பெரியவர்களை மட்டும் கணக்கிட்டால் இது ஏறக்குறைய 150 முதல் 175 பேர். அந்த நிலையத்தின் பதிவேட்டைப் புரட்டினால் ஓசிடி என்று ஒரு பெயர்கூட இல்லாமல் இருப்பது சகஜம். மனநல மருத்துவர் அல்லாதவர்களுக்காக உலக சுகாதார நிறுவனம் 2016-ல் வெளியிட்ட எம்.எச்.கேப் கையேட்டிலும் ஓசிடிக்குத் தனிப் பகுதி கிடையாது. அந்தக் கையேட்டை மட்டும் வைத்துப் பயிற்சி பெற்றவருக்கு இந்த நோய் கண்ணில் படாது. அதனால்தான் தனிப் பயிற்சி தேவைப்படுகிறது.

1. மருந்து இருப்பைப் பார்த்துவிட்டுத் தேதி குறியுங்கள்

மனச்சோர்வுக்கு ஃப்ளூஆக்ஸெடின் 20 மி.கி. போதும் என்று வைத்து, ஒரு நோயாளிக்கு மாதம் 30 கேப்சூல் என்ற கணக்கில் இன்டென்ட் (மருந்து கேட்புப் பட்டியல்) போட்டிருப்பார்கள். ஓசிடிக்கு 60 மி.கி. வரை போக வேண்டிவரும். அப்போது ஒருவருக்கே மாதம் 90 கேப்சூல். ஐந்து பேர் என்றால் 450. இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் இரண்டாவது மாதத்தில் மருந்து தீர்ந்துவிடும்.

இருப்பு தீர்ந்தால் கூலி வேலைக்குப் போகும் நோயாளி வெளிக்கடையில் வாங்கிக்கொள்வார் என்று எதிர்பார்க்க முடியாது. பேசாமல் நிறுத்திவிடுவார். பாதியில் நின்றவரை மறுபடி அழைத்துவருவது, புதிதாக ஒருவரைக் கண்டுபிடிப்பதைவிடக் கடினம்.

இன்னொரு ஏற்பாடும் முன்பே வேண்டும். சிக்கலானவர்களை எங்கே அனுப்புவது, அங்கே யார் போனை எடுப்பார் என்பதை முடிவுசெய்துகொள்ளுங்கள். வேலூர் மாவட்டத்தில் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, குடியாத்தம் அரசு மருத்துவமனை, பாகாயத்தில் இருக்கும் சி.எம்.சி. மனநல மையம் ஆகியவை பலருக்கும் தெரிந்த இடங்கள். 2019-ல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு ராணிப்பேட்டை, திருப்பத்தூர்க்காரர்களுக்கு வழி வேறு. இடத்தின் பெயர் மட்டும் போதாது. கிழமையும் அறை எண்ணும் சேர்ந்த ஒரு சீட்டு மருத்துவரின் மேசையில் இருக்க வேண்டும்.

2. ஒரே நிலையத்திலிருந்து குழுவாகக் கூப்பிடுங்கள்

மருத்துவரை மட்டும் அழைப்பது நம் வழக்கமான தவறு. அவருடன் ஸ்டாஃப் நர்ஸ், மருந்தாளுநர், கிராம சுகாதார செவிலியர் ஆகியோரும் வரட்டும்.

மருந்தாளுநர் ஏன் என்று கேட்பார்கள். "ஃப்ளூஆக்ஸெடின் 20, காலையில் மூன்று" என்ற சீட்டைப் பார்த்தால் அவர் அதை எழுத்துப் பிழை என்று நினைத்து ஒன்றாக்கிக் கொடுத்துவிடுவார். நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. மூன்று மாதம் கழித்து "மருந்து கேட்கவில்லை" என்று முடிவுகட்டப்படும்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021-ல் தொடங்கியதிலிருந்து பிரஷர், சுகர் மாத்திரையோடு பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போகிறார்கள். நாம் பார்க்காததை அவர்கள் பார்க்கிறார்கள். "அந்த வூட்ல உள்ளயே வுடமாட்டாங்க சார். மாத்திரைய திண்ணையில வெச்சிட்டுப் போவச் சொல்லுவாங்க. நான் போனப்புறம் அந்த இடத்த மூணு குடம் தண்ணி ஊத்திக் கழுவுவாங்க." இதைச் சொன்ன தன்னார்வலருக்கு ஓசிடி என்ற சொல்லே தெரியாது. ஆனால் நோயைக் கண்டவர் அவர்தான்.

3. முழு நாளாக வைக்காதீர்கள், இரண்டு அரை நாளாக வையுங்கள்

முதல் அரை நாள்: கண்டுபிடிப்பது, விளக்குவது, மருந்து தொடங்குவது. பிறகு மூன்று நான்கு வாரம் இடைவெளி. இரண்டாம் அரை நாள்: டோஸ் ஏற்றுவது, பழக்கப் பயிற்சி, குடும்பத்தாரோடு பேசுவது.

இடைவெளியில் ஒவ்வொரு நிலையமும் ஒரு நோயாளியையாவது கண்டு மருந்து தொடங்கியிருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள். தன் நோயாளி ஒருவர் மனதில் இருந்தால்தான் இரண்டாம் நாள் பாடம் காதில் ஏறும். வகுப்பில் கேட்கும் கேள்விகளே மாறிப்போகும்.

4. நோய் ஓ.பி.யில் எந்த வேடத்தில் வருகிறது என்று காட்டுங்கள்

"எனக்கு ஓசிடி" என்று சொல்லிக்கொண்டு யாரும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருவதில்லை. கை வெடிப்புக்குக் களிம்பு கேட்டு வருவார்கள். தலைவலி, தூக்கமின்மை என்று வருவார்கள். எச்.ஐ.வி. பரிசோதனையை நான்காவது முறையாக எடுக்கச் சொல்லி வருவார்கள். படித்த வரியையே திரும்பத் திரும்பப் படிப்பதால் தேர்வில் தோற்ற பிள்ளையை "டானிக் எழுதிக் குடுங்க" என்று தாய் கூட்டிவருவார்.

கை வெடிப்பைப் பற்றி இந்த வட்டாரத்தில் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். பேரணாம்பட்டு, ஆம்பூர், மேல்விஷாரம், ராணிப்பேட்டை பக்கம் டேனரியில் (தோல் பதனிடும் ஆலையில்) வேலை செய்பவர்களுக்குக் குரோமியத்தால் தோல் அழற்சி வரும். வெடித்த கையைப் பார்த்ததும் எல்லாவற்றையும் அதில் போட்டுவிடுவது எளிது. இரண்டு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். வேலைக்குப் போகாத நாட்களில் குறைகிறதா? ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எவ்வளவு நேரம் கை கழுவுகிறீர்கள்? விடுமுறையிலும் குறையாமல், விரல் இடுக்கெல்லாம் ஊறி வெளுத்து, முழங்கை வரை வறண்டிருந்தால் கழுவுவதைப் பற்றி மேலும் கேட்க வேண்டும். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம் என்பதையும் சொல்லுங்கள்.

பிரசவித்த தாய்மார்கள் தனிக் கவனத்துக்கு உரியவர்கள். கத்தியைக் கண்டால் ஒளித்துவைப்பது, குழந்தையைத் தனியாகக் குளிப்பாட்ட மறுப்பது, கிணற்றுப் பக்கம் போகாமல் இருப்பது ஆகியவற்றின் பின்னால் "குழந்தையை நானே ஏதாவது செய்துவிடுவேனோ" என்ற எண்ணம் இருக்கலாம். தடுப்பூசி நாளில் செவிலியர் கேட்டால் வெளியே வரும். வேறு எங்கும் வராது.

5. கேள்விகளை வாய்விட்டுக் கேட்கப் பழக்குங்கள்

சோஹர்-ஃபைன்பெர்க் என்ற சிறிய சோதனையில் ஐந்தே கேள்விகள். அவற்றைப் புத்தகத் தமிழில் கொடுத்தால் மருத்துவர் ஓ.பி.யில் கேட்கவே மாட்டார். பேச்சில் இப்படிக் கொடுங்கள்:

"கை கழுவறது, குளிக்கிறது, வீடு கழுவறதுன்னு ரொம்ப நேரம் போவுதா?"
"பூட்டு, கேஸ், சுவிட்சுன்னு திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்துக்கினே இருக்கீங்களா?"
"வேணாம்னு தள்ளினாலும் திரும்பத் திரும்ப வந்து தொல்லை பண்ற எண்ணம் ஏதாவது இருக்கா?"
"தினசரி வேலைய முடிக்க ரொம்ப நேரம் ஆவுதா?"
"பொருளெல்லாம் நேரா, வரிசையா இல்லன்னா மனசு தாங்காம போவுதா?"

ஒன்றுக்கு "ஆமாம்" வந்தாலும் மேலே விசாரிக்க வேண்டும். அது நோய் என்று முடிவுகட்டப் போதாது.

இவற்றோடு ஆறாவதாக ஒரு கேள்வியை நான் எப்போதும் சேர்ப்பேன். "நல்ல மனுஷங்களுக்கே சாமியப் பத்தி அசிங்கமா, இல்ல சொந்தக் குழந்தைக்கு ஏதாவது பண்ணிடுவோமோன்னு, இல்ல தப்புத் தப்பா உறவு பத்தி எண்ணம் வந்து பாடாப் படுத்தும். அந்த மாதிரி உங்களுக்கு வருதா?" இதில் முதல் பாதி முக்கியம். இந்த மாதிரி எண்ணங்கள் பலருக்கும் வரும் என்று மருத்துவரே பேர் சொல்லிவிட்டால்தான் நோயாளி வாய் திறப்பார். அது இல்லாமல் கேட்டால் "ஒண்ணும் இல்ல சார்" என்று எழுந்து போய்விடுவார். சிலர் பல வருடம் கணவனிடம்கூடச் சொல்லாமல் சுமந்திருப்பார்கள்.

பயிற்சியில் இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒருவர் மருத்துவராகவும் மற்றவர் நோயாளியாகவும் இந்த ஆறையும் கேட்கவையுங்கள். பிறகு இடம் மாறச் சொல்லுங்கள். ஆறாவது கேள்வியில் பலரும் தடுமாறுவார்கள், குரல் தாழும், சிலர் தாண்டிப் போவார்கள். அது கூச்சமில்லாமல் வரும்வரை விடாதீர்கள். அன்றைய நாளில் வேறு எது குறைந்தாலும் இது குறையக் கூடாது.

வழக்கமாக நடக்கும் பிழைகள் இவை. "நீங்க ரொம்ப சுத்தம் பார்ப்பீங்களா?" என்று கேட்பது ஒன்று. அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு எல்லோரும் தலையாட்டுவார்கள். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது ஆறாவது கேள்வியைக் கேட்பது இன்னொன்று. ஊசி போடும் அறை காலியாக இருக்கும் நேரத்தில் கதவைச் சாத்திக் கேட்கலாம். வீட்டில் உருதோ தெலுங்கோ பேசுபவராக இருந்தால், மொழிபெயர்க்க உறவினரை வைக்காமல் மொழி தெரிந்த செவிலியரை வைத்துக்கொள்ளுங்கள்.

6. எதெது ஓசிடி இல்லை என்று பிரிக்கக் கற்றுக்கொடுங்கள்

மனச்சிதைவு: ஓசிடிக்காரர் பெரும்பாலும் "இது பைத்தியக்காரத்தனம்னு தெரியுது, ஆனா நிறுத்த முடியல" என்பார். எண்ணம் தன் மனதில்தான் பிறக்கிறது என்று அவருக்குத் தெரியும். வெளியிலிருந்து குரல் கேட்கிறது, யாரோ எண்ணத்தைப் புகுத்துகிறார்கள் என்றால் வழி வேறு. இந்தத் தெளிவு குறைந்த ஓசிடிக்காரர்களும் உண்டு. சந்தேகம் இருந்தால் மனநல மருத்துவரைக் கேட்டுவிடலாம்.

பிரசவித்த தாய்: எண்ணத்தைக் கண்டு அவளே நடுங்குகிறாள், குழந்தையைக் காப்பாற்றத்தான் விலகிப் போகிறாள் என்றால் அது ஓசிடியாக இருக்க வாய்ப்பு அதிகம். குழந்தையைப் பிடுங்கி மாமியாரிடம் கொடுத்தால் நோய் கூடும். தூக்கமே இல்லை, பேச்சு குழம்புகிறது, குழந்தை தெய்வம் என்றோ பேய் என்றோ நம்புகிறாள் என்றால் அது பிரசவத்துக்குப் பின் வரும் கடுமையான மனநோய். தாயையும் குழந்தையையும் தனியே விடாமல் அன்றே மேல்சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். இந்த வேறுபாட்டை இரண்டு கதைகளாகச் சொல்லி, எது எது என்று அவர்களையே சொல்லவையுங்கள்.

ஆசாரம், தொழுகை: மடி பார்ப்பதோ, ஐந்து வேளை ஒளூ (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவது) செய்வதோ நோயாகிவிடாது. அதே வீட்டில், அதே தெருவில், அதே நம்பிக்கையோடு இருக்கும் மற்றவர்கள் எவ்வளவு நேரம் எடுக்கிறார்கள் என்று கேளுங்கள். மற்றவர்கள் சில நிமிடத்தில் முடிக்கும் ஒளூவுக்கு இவர் ஒரு மணி நேரம் குழாயடியில் நின்று, கடைசியில் தொழுகை நேரமே தப்பிப் போகிறது என்றால் அது நோயின் வேலை. தமிழ் முஸ்லிம்கள் பலர் இதை "வஸ்வாஸ்" என்றே சொல்வார்கள். அந்தச் சொல் காதில் விழுந்தால் நிமிர்ந்து உட்காரச் சொல்லுங்கள்.

50 வயதுக்கு மேல் முதல்முறையாகத் தொடங்கினால் மூளை சார்ந்த காரணம் இருக்கலாம். மேலே அனுப்ப வேண்டும்.

மனச்சோர்வு பெரும்பாலும் கூடவே இருக்கும். தற்கொலை எண்ணம் உண்டா என்று நேராகக் கேட்பதை விட்டுவிடக் கூடாது. கேட்பதால் எண்ணம் வந்துவிடாது. இரவில் தொடர்புகொள்ள அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416-ஐ ஓ.பி. சீட்டிலேயே எழுதிக் கொடுங்கள்.

7. மருந்துக்கு முன் ஓர் அளவு எடுங்கள்

ஓசிடியின் கடுமையை அளக்கும் ஒய்-பாக்ஸ் என்ற அளவுகோலில் பத்துக் கேள்விகள், மொத்தம் 40 மதிப்பெண். 16 முதல் 23 வரை நடுத்தரம், 24-லிருந்து கடுமை. நேரமிருந்தால் செவிலியரே கேட்டுக் குறிக்கலாம்.

நேரமில்லாத ஓ.பி.யில் குறைந்தது இரண்டு எண்களைச் சீட்டில் எழுதவையுங்கள்: சடங்குகளுக்கு (திரும்பத் திரும்பக் கழுவுவது, சரிபார்ப்பது போன்றவற்றுக்கு) ஒரு நாளில் போகும் மணி நேரம், வாரத்துக்கு எத்தனை சோப்பு அல்லது எத்தனை முறை சரிபார்ப்பு. கோடையில் லாரித் தண்ணீரை நம்பியிருக்கும் தெருக்களில் எத்தனை குடம் என்று கேட்டாலே வீட்டாருக்குக் கணக்கு சுத்தமாகத் தெரியும்.

அளவு ஏன் என்றால், ஓசிடி மெதுவாகக் குறையும். ஆறு மணி நேரம் நாலு மணி ஆனது நோயாளிக்கே தெரியாது. "அப்படியேதான் இருக்கு" என்பார். சீட்டில் எண் இருந்தால் அதைக் காட்டலாம். எண் இல்லையென்றால் மருத்துவரும் நம்பிக்கை இழந்து மருந்தை மாற்றுவார்.

8. நோயை விளக்கும் ஐந்து நிமிடம்

சொல்ல வேண்டியவை இவை. இது ஒரு நோய், குணக்கேடோ பாவமோ செய்வினையோ அல்ல. தேவையில்லாத எண்ணம் எல்லோருக்கும் வரும். தீ இல்லாமலே அடிக்கும் அபாய மணி போல, உங்கள் மூளை அந்த எண்ணத்துக்கும் மணி அடிக்கிறது. மணியை நிறுத்தக் கழுவுகிறீர்கள், அது கொஞ்ச நேரம் நிற்கிறது. ஆனால் கழுவியதால்தான் தப்பித்தோம் என்று மூளை நினைத்துக்கொண்டு அடுத்த முறை இன்னும் உரக்க அடிக்கிறது. மருந்து மணியின் சத்தத்தைக் குறைக்கும், பயிற்சி மணிக்குப் பதில் சொல்லாமல் இருக்கப் பழக்கும்.

இங்கேதான் நல்ல மனமுள்ள மருத்துவர்கள் தவறுகிறார்கள். "ஒண்ணும் ஆகாதும்மா, நான் சொல்றேன் இல்ல" என்று தேற்றுகிறார்கள். நோயாளி நிம்மதியோடு போகிறார், அடுத்த வாரம் அதே கேள்வியோடு வருகிறார். மருத்துவரின் வாய்ச்சொல்லே இப்போது இன்னொரு சடங்காகிவிட்டது. நான்காவது எச்.ஐ.வி. பரிசோதனையும் அப்படித்தான். ஒரு கேள்விக்கு ஒரு முறை தெளிவாகப் பதில் சொல்லலாம். இரண்டாம் முறை, "இது நீங்க கேட்கல, நோய் கேட்குது. பதில் சொன்னா நோய் வளரும். அந்தப் பதட்டத்தோடவே கொஞ்ச நேரம் இருந்து பாருங்க" என்று சொல்லப் பழக்குங்கள். வகுப்பில் நீங்களே நோயாளியாக நடித்து, கெஞ்சி, விதவிதமாகக் கேட்டுப் பாருங்கள். அனுபவமுள்ள மருத்துவர்கூட மூன்றாவது முறை இளகித் தேற்றிவிடுவார்.

உண்மையான ஆபத்தோடு கலந்த பயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். ராணிப்பேட்டையில் குரோமியக் கழிவு மலைபோல் கிடப்பது ஊரறிந்த விஷயம். அங்கிருந்து வரும் நோயாளியிடம் "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று வாதாடினால் மருத்துவர்மீதான நம்பிக்கை போய்விடும். ஆபத்து உண்டா இல்லையா என்ற வாதத்துக்கே போகக் கூடாது. அதே தெருவில் இருக்கும் அக்கம்பக்கத்தார் எடுக்கும் எச்சரிக்கை போதும், அதற்கு மேல் போவது நோய் என்ற எல்லையை வகுத்துக்கொள்ளுங்கள்.

9. மருந்து: டோஸும் காலமும்

தொடங்கும் முன் நான்கைக் கேட்கவையுங்கள். முன்பு எப்போதாவது பல நாள் தூக்கமில்லாமல் அளவுமீறிய உற்சாகத்தில் இருந்தது உண்டா? அது இருமுனை நோயாக இருந்தால் இந்த மருந்து அதைக் கிளப்பிவிடும். கர்ப்பமா, பால் கொடுக்கிறாரா? வலிப்பு நோய் உண்டா? வேறு என்ன மருந்து எடுக்கிறார்?

பெரியவர்களுக்கு ஃப்ளூஆக்ஸெடின் 20 மி.கி., காலையில் உணவுக்குப் பின் தொடங்கலாம். தாங்கிக்கொண்டால் இரண்டு வாரத்தில் 40, நான்காம் வாரத்தில் 60. அதற்கு மேல் 80 வரை போகலாம், ஆனால் மனநல மருத்துவரைக் கேட்டபின். செர்ட்ராலின் இருந்தால் 50 மி.கி.யில் தொடங்கி, ஐம்பது ஐம்பதாக ஏற்றி 150 முதல் 200 வரை. எஸ்சிடலோபிராம் 10-ல் தொடங்கி 20. முதியவர்களுக்கும் கல்லீரல் பாதிப்பு உள்ளவர்களுக்கும் குறைவாக, மெதுவாக. பால் கொடுக்கும் தாய்க்குச் செர்ட்ராலின் நல்ல தேர்வு, தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலக்கும்.

பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். மருந்து கேட்கவில்லை என்று சொல்ல 8 முதல் 12 வாரம் வேண்டும், அதில் குறைந்தது நான்கு முதல் ஆறு வாரமாவது தாங்கக்கூடிய உச்ச டோஸில் இருந்திருக்க வேண்டும். இந்த வரியைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டலாம். நான் பார்த்தவரை மிகப் பரவலான தவறு 20 மி.கி.யிலேயே மூன்று மாதம் நிறுத்திவைத்து "தோல்வி" என்று எழுதுவது. மனச்சோர்வுக்கு அது போதும். ஓசிடிக்குப் பெரும்பாலும் போதாது.

அடுத்த தவறு, டயஸிபாம் அல்லது அல்பிரஸோலம் கொடுத்து அனுப்புவது. அன்றைக்குத் தூக்கம் வரும், ஓசிடி குறையாது, பழக்கமும் ஒட்டிக்கொள்ளும். அமிட்ரிப்டிலின் 10 மி.கி.யும் இதற்கு உதவாது. அது கையிருப்பில் இருக்கிறது என்பதற்காக எழுதக் கூடாது.

பக்கவிளைவை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். முதல் ஓரிரு வாரம் குமட்டல், வயிற்றுப்போக்கு, படபடப்பு, தூக்கக் குறைவு வரலாம், பெரும்பாலும் அடங்கிவிடும். பாலுறவில் நாட்டம் குறைவது, தாமதமாவது தொடரலாம். இதை மருத்துவர் கேட்காவிட்டால் நோயாளி சொல்லாமலே மாத்திரையை நிறுத்திவிடுவார். 25 வயதுக்குக் கீழே இருப்பவர்களிடம் முதல் சில வாரம் தற்கொலை எண்ணத்தைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

மருந்துகள் மோதுவதில் கிராம ஓ.பி.யில் அடிக்கடி எதிர்ப்படுபவை: வலிக்கு டிரமடால் சேர்க்கக் கூடாது. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு லினெஸோலிட் எடுப்பவருக்கு இந்த மருந்துகளைத் தொடங்கக் கூடாது. ஆஸ்பிரின், டைக்ளோஃபினாக் எடுப்பவருக்கு இரத்தக்கசிவு அபாயம் கூடும். ஃப்ளூஆக்ஸெடின் ஃபெனிடாயின் அளவை ஏற்றும். டமாக்ஸிஃபென் எடுக்கும் மார்பகப் புற்று நோயாளிக்கு ஃப்ளூஆக்ஸெடின் வேண்டாம். சுகர் மாத்திரை எடுப்பவருக்குச் சர்க்கரை இறங்கலாம். நீர்பிரிய பிரஷர் மாத்திரை எடுக்கும் முதியவர் குழப்பமாக இருந்தால் சோடியம் பார்க்க வேண்டும்.

குணமானபின் ஒன்று முதல் இரண்டு வருடம் தொடர வேண்டும். பிறகும் பல மாதங்களில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். திருவிழாவுக்கு ஊருக்குப் போய் மாத்திரை விட்டுப்போனதில் திரும்ப வந்தவர்கள் நிறைய.

10. பயத்தோடு பழகும் பயிற்சியைச் சிறிய அளவில் சொல்லிக்கொடுங்கள்

பயம் தரும் ஒன்றை வேண்டுமென்றே நெருங்குவது, நெருங்கியபின் சடங்கைச் செய்யாமல் இருப்பது. இவ்வளவுதான் அடிப்படை. இரண்டாவது பாதி இல்லாமல் முதல் பாதிக்குப் பயனில்லை. தொட்டுவிட்டு ஓடிப்போய்க் கழுவினால் நோய்தான் பயிற்சி பெறுகிறது.

முழு உளவியல் சிகிச்சையை ஓ.பி.யில் செய்ய முடியாது. பத்து நிமிடத்தில் ஒரு படிவரிசை எழுதிக் கொடுக்க முடியும். ஒரு மாதிரி: கணவர் டேனரியில் வேலை. அவர் குளித்து முடித்து, உடை மாற்றி வந்த பிறகும் மனைவி அவர் உட்கார்ந்த இடத்தையெல்லாம் கழுவுகிறார். பயத்துக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் போடச் சொல்லுங்கள். கணவர் குளித்துவந்து உட்கார்ந்த பாயின் ஓரத்தைத் தொடுவது 30. சாப்பாட்டு டப்பாவை ஒரே முறை கழுவிக் கவிழ்ப்பது 45. அந்தப் பாயில் உட்கார்ந்து கை கழுவாமல் அரை மணி நேரம் இருப்பது 60. அதே கையோடு சமையலறைக்குள் போவது 80.

30-ல் தொடங்குங்கள். தினமும், நாளுக்கு அரை மணி முதல் முக்கால் மணி. பதட்டம் ஏறும், இருக்கட்டும். கழுவாமலே அது தணிவதை நோயாளி தன் உடம்பில் உணர வேண்டும். அது இரண்டு மூன்று நாளில் எளிதானதும் அடுத்த படி. கணவரின் வேலை உடையைத் தனியாகத் துவைப்பதை மாற்றச் சொல்லாதீர்கள். அந்த வேலையில் அது நியாயமான முன்னெச்சரிக்கை.

புதியவர்கள் இங்கே தடுமாறும் இடங்கள் பல. உற்சாகத்தில் 80-ல் தொடங்குகிறார்கள், நோயாளி அடுத்த முறை வருவதில்லை. "அந்த எண்ணத்தை நினைக்காதே" என்கிறார்கள், நினைக்காதே என்றால் கூடும். பதட்டம் வரும்போது கண்ணை மூடி மூச்சுவிடச் சொல்கிறார்கள், அது தப்பிக்கும் வழியாகிவிடும். வெளியே தெரியாத சடங்குகளைத் தவறவிடுகிறார்கள். மனதுக்குள் சாமி பெயரை 21 முறை சொல்வதும் சடங்குதான். "கை கழுவல, சரி. மனசுக்குள்ள ஏதாவது பண்றீங்களா?" என்று கேட்க வேண்டும்.

மதம் சார்ந்த சந்தேகத்தில் மருத்துவர் சட்டம் சொல்லக் கூடாது. ஒளூவில் ஒவ்வோர் உறுப்பையும் மூன்று முறைக்கு மேல் கழுவ வேண்டியதில்லை என்பது மார்க்கம் அறிந்தவர்களுக்குத் தெரியும். நோயாளி மதிக்கும் ஒரு இமாமிடமே அதை ஒரு முறை கேட்டுவரச் சொல்லி, அந்த எண்ணிக்கையையே பயிற்சியின் இலக்காக வைக்கலாம். ஒரு முறைதான். வாராவாரம் கேட்கப் போனால் அவரும் சடங்குக்குள் வந்துவிடுவார்.

11. வீட்டாரை அழைத்துப் பேசவையுங்கள்

வீட்டில் இரண்டு வகை நடக்கும். அம்மா பிள்ளைக்காகக் கதவைத் திறந்துவிடுவார், சட்டையை மூன்று முறை அலசுவார், "பூட்டிட்டேன்டா, பூட்டிட்டேன்" என்று இருபது முறை சொல்வார். அப்பா தண்ணீர் மோட்டாரை நிறுத்திவிட்டு அடிக்கப் போவார். முதலாவது நோய்க்குத் தீனி, இரண்டாவது நோயாளிக்குத் தண்டனை.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. நோயாளியும் சேர்ந்து உட்கார்ந்து, எந்த உதவியை எப்போது நிறுத்துவது என்று பேசி முடிவெடுப்பது. ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்தினால் வீடு ரணகளமாகும். இந்த வாரம் பூட்டைப் பற்றி ஒரு முறை மட்டும் பதில் என்று தொடங்கலாம். இரண்டாம் முறை கேட்டால் அம்மா என்ன சொல்வார் என்பதையும் அங்கேயே சொல்லிப் பார்க்கவையுங்கள்: "நீ கஷ்டப்படறது தெரியுதுப்பா. டாக்டர் சொன்னபடி நான் பதில் சொல்லல. வா, கூட உக்காந்துக்கறேன்."

12. யாரை மேலே அனுப்ப வேண்டும்

தற்கொலைத் திட்டம் உள்ளவர், சாப்பாடோ தண்ணீரோ மறுக்கும் அளவு கடுமையானவர், இருமுனை நோயோ மனச்சிதைவோ சேர்ந்திருப்பவர், கர்ப்பிணி, 18 வயதுக்குக் கீழே இருப்பவர். 12 வாரம் சரியான டோஸில் இருந்தும் நோயின் அளவு குறையாதவரும் போக வேண்டும். க்ளோமிப்ரமின் அல்லது கூடுதல் மருந்து அங்கேதான் தொடங்க வேண்டும், இ.சி.ஜி. பார்த்து.

அனுப்பும் சீட்டில் மருந்து, டோஸ், எத்தனை வாரம் என்று எழுதவையுங்கள். அது இல்லாமல் போனால் மேலே மறுபடி 20 மி.கி.யில் தொடங்குவார்கள்.

13. பயிற்சி முடிந்த பிறகு

மாதம் ஒரு முறை ஒரு மணி நேரம், போனிலோ வீடியோவிலோ, ஒவ்வொரு நிலையமும் ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்லட்டும். பெயர் வேண்டாம். என்ன டோஸ், எத்தனையாவது வாரம், எந்தப் படி, எங்கே சிக்கல். நீங்கள் விரிவுரை நிகழ்த்தாமல், மற்ற மருத்துவர்களைப் பதில் சொல்லவையுங்கள். அணைக்கட்டு நிலையத்தில் ஒருவர் தாண்டிய தடையில் கே.வி.குப்பம் நிலையத்தில் இன்னொருவர் நின்றுகொண்டிருப்பார்.

பயிற்சி வேலை செய்ததா என்று பார்க்க முன்தேர்வு, பின்தேர்வு மதிப்பெண்ணை நம்பாதீர்கள். மூன்றை எண்ணுங்கள்: புதிதாகக் கண்டுபிடித்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் 40 மி.கி.க்கு மேல் போனவர்கள் எத்தனை பேர், 12-வது வாரத்திலும் வந்துகொண்டிருப்பவர்கள் எத்தனை பேர். இரண்டாவது எண் குறைவாக இருந்தால் மருந்தகத்தைப் போய்ப் பாருங்கள். மூன்றாவது குறைவாக இருந்தால் பக்கவிளைவைச் சொல்லாமல் விட்டிருப்பார்கள், அல்லது பயிற்சியை மேல்படியில் தொடங்கியிருப்பார்கள்.

மருத்துவர்கள் இடமாற்றத்தில் போய்விடுவார்கள், மேற்படிப்புக்கும் போவார்கள். செவிலியரும் மருந்தாளுநரும் பெரும்பாலும் அங்கேயே இருப்பார்கள். அதனால் ஓசிடி நோயாளிகளுக்கென்று ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் செவிலியர் கையில் இருக்கட்டும். புதிய மருத்துவர் பொறுப்பேற்ற முதல் வாரத்திலேயே, அதில் உள்ள ஒவ்வொருவரின் டோஸையும் வாரத்தையும் செவிலியர் படித்துக் காட்டட்டும். 60 மி.கி. எடுப்பவரின் சீட்டைப் புதியவர் பார்த்து "இவ்வளவு எதுக்கு?" என்று 20-க்குக் குறைக்கும் முன் அது நடந்துவிட வேண்டும்.